இருபத்திமூன்று கிலோ அடுப்படி

விருதுநகரில் வைரமணியைத் தெரியாதவர்கள் இல்லை. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்த மனுஷன் அவர், மீட்டர் பெட்டிக்குள் அந்தச் சக்கரம் சுற்றுகிற வேகத்தை வைத்தே உள்ளே எத்தனை ஃபேன் ஓடுகிறது, ஆள் இல்லாத எந்த ரூமில் லைட் எரிகிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார், ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆன பிறகும் கண்ணை மூடினால் அவருக்குள் அந்தச் சக்கரம்தான் சுற்றுகிறது என்று அவர் பெண்டாட்டி சொர்ணபுஷ்பம் சொல்வாள். அப்பேர்ப்பட்ட வைரமணி காசு கொடுத்து வெளிநாடு போகிறார் என்று கேள்விப்பட்டதும் தெருவுக்கே தூக்கிவாரிப் போட்டது. பால்காரர் அழகர் மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், பள்ளிக்கூட மைதானத்தில் தினமும் விடியக்காலையில் எட்டுச் சுற்று நடக்கிற ஏழு ஜோடிகள் சேர்ந்து ஒரு நடைச் சங்கம் வைத்திருந்தார்கள், அதற்கு இரும்புக்கடை பெத்துராஜ் அண்ணாச்சி தலைவர், அவருக்கு எங்கிருந்தோ லிஸ்பனுக்குப் பாதி விலையில் டிக்கெட் கிடைக்கிறதென்று செய்தி வந்தது, போர்ச்சுகல் எந்தத் திசையில் இருக்கிறதென்று பதினாலு பேரில் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் டிக்கெட் என்ன விலையென்று தெரியும், அது போதுமாக இருந்தது. செலவுப் பொறுப்பை வைரமணி கையில் கொடுத்தார்கள். வேறு யார் கையில் கொடுப்பார்கள்?

"சாப்பாட்டுக்கு அங்க ஒரு காசு கொடுக்கக் கூடாது, எல்லாம் இங்க இருந்தே போகுது" என்றார் வைரமணி, மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று. "தங்குறதுக்கு ஒரே ஹால்ல வரிசையாக் கட்டில் போட்டு விடுறானாம், அதுதான் மலிவு. போக வரக் காலு இருக்கு. நம்ம என்ன சங்கம்? நடைச் சங்கம். அப்புறம் முக்கியமா ஒண்ணு. அங்க யூரோவுல எந்த விலையைப் பாத்தாலும் உடனே தொண்ணூறால பெருக்கிருங்க. பெருக்கிட்டா ஆசை போயிரும்."

பெருக்கினாலும் போகாத ஆசை ஒன்று சொர்ணத்துக்கு இருந்தது. அதைப் பெத்துராஜ் அண்ணாச்சியின் மனைவி கனகமணியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அவள் கடைசியாகச் சாப்பிடுகிறவள், அவருக்குத் தோசை, பிள்ளைகளுக்குத் தோசை, வந்தவர்களுக்குத் தோசை, எல்லாருக்கும் போட்டு முடித்து மாவுச்சட்டியை வழித்து ஊற்றித் தனக்கென்று ஒன்று எடுத்து உட்காருகிற நேரத்தில் யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து போய்விட்டு வந்தால் அது வறட்டி ஆகியிருக்கும், இப்படியே ஒரு ஆயுசில் பாதி ஆறிப்போனதைத் தின்றே கழிந்துவிட்டது. "பன்னெண்டு நாள்ல ஒரே ஒரு நாள், மதினி" என்று கனகமணியிடம் சொன்னாள். "நான் நாற்காலியில உக்காந்திருக்கணும். அடுத்தவ சமைச்சு என் முன்னால கொண்டாந்து வைக்கணும். சூடா."

ஆசை அவ்வளவுதான். கோயில் குளம் பார்க்கவேண்டும், கடல் பார்க்கவேண்டும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

பெட்டி சொர்ணத்தின் மகளுடையது, கடுகுப்பூ நிறத்தில் நாலு சக்கரம் வைத்தது, காசு கொடுத்து வாங்க வேண்டாமே என்று இரவல் கேட்டு வாங்கியிருந்தார்கள். அதில் இட்லி அரிசி வைத்தாள், உளுந்து வைத்தாள், புளி வைத்தாள், மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்ப்பொடி, நல்லெண்ணெய், அப்பளம், முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், குக்கர், இட்லித்தட்டு, தோசைக்கல், கரண்டிகள் என்று வைரமணி சொல்லச் சொல்ல எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள், அடுப்படி அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது, பெட்டி நிறையவே மாட்டேன் என்றது. மேடையைத் துடைத்தாள், சிலிண்டரை மூடினாள், மிச்சப் பாத்திரங்களைக் கவிழ்த்தாள், அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டு அந்தக் கதவைப் பார்த்து, பன்னிரண்டு நாளைக்கு உன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டார்கள். கணக்காக இருபத்திமூன்று கிலோ காட்டியது.

லிஸ்பனில் இறங்கி மெட்ரோ ரயிலுக்குக் காசா என்று பதினாலு பேரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள், ஏறுகிற தெரு, இறங்குகிற தெரு, மறுபடி ஏறுகிற தெரு, கருங்கல் பதித்த வழியில் பெட்டிச் சக்கரங்கள் தடதடவென்று சத்தம் போட, சன்னல்களில் துணி காயப்போட்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்குமிடத்துக்கு முந்தின முக்கில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை இருந்தது. வாசலிலேயே கரி அடுப்பு, அதன்மேல் கம்பி வலை, வலைமேல் வரிசையாக மீன். பெரிய உடம்பும் பூப்போட்ட ஏப்ரனுமாக ஒரு பெண் நின்று அதைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சொர்ணம் நின்றுவிட்டாள்.

"சாளை மீனு" என்றாள். கடல் கடந்து வந்தும் தனக்குப் பேர் தெரிந்த ஒன்று அந்த ஊரில் இருந்தது அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

வைரமணி பலகையைப் பார்த்தார். "ஒன்பது" என்றார். கண்ணை மூடினார், திறந்தார். "எண்ணூத்திப் பத்து ரூவா. சாளைக்கு. நம்மூர்ல இந்தக் காசுக்குக் கூடையோட தூக்கிட்டு வந்திரலாம். நட."

நடந்தாள். தங்குமிடத்தில் மேல்மாடியில் ஒரு ஹால், சுவரோரமாக அடுக்குக் கட்டில்கள், எல்லாருக்கும் பசி. இட்லிப்பொடியும் முறுக்கும் எடுக்கலாமென்று சொர்ணம் பெட்டியைப் படுக்கப் போட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே பொட்டலங்கள் இல்லை. அவளுடைய அடுப்படி இருந்தது.

பரணில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது, அவள் துடைத்து வைத்த மேடை, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், மூடிய சிலிண்டர், அலமாரியில் ஒன்று குறையாமல் அரிசி, பருப்பு, பொடி டப்பாக்கள், சன்னல் வழியாக விருதுநகர் வெயில், வெளியே யாரோ பழைய இரும்பு கேட்டுக் கூவிக்கொண்டு போகிற சத்தம். சொர்ணம் மூடியைத் திரும்பச் சாத்தப் போனாள். ஒரு பெட்டிக்குள் வீடு இருக்கிறதே என்பதற்காக அல்ல. தாழ்ப்பாள் போட்டு, மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்று சொல்லி, மூன்று விமானம் மாறி, இத்தனை மேடு ஏறி வந்தும் இது விடாமல் பின்னாலேயே வந்துவிட்டதே என்பதற்காக.

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வைரமணிதான் முதலில் பேசினார். "சிலிண்டரை மூடிட்டுத்தானே வந்த?"

"மூடிட்டேன்" என்றாள் சொர்ணம்.

"அண்ணாச்சி, ஏர்போட்ல இது எத்தனை கிலோ காட்டுச்சு?" என்று பெத்துராஜ் கேட்டார்.

"இருபத்திமூணு."

"அனுமதிச்ச எடைதான். அப்ப ஒண்ணும் தப்பில்ல" என்றார் பெத்துராஜ். நடைச் சங்கம் நிம்மதியாக மூச்சு விட்டது.

பரணுக்கு ஏறுவதற்கென்று வைரமணி சர்வீஸில் இருந்த காலத்து அலுமினிய ஏணி அடுப்படிச் சுவரில் எப்போதும் சாய்ந்திருக்கும், காலை விட்டுத் துழாவினால் அதன் முதல் படி தட்டுப்பட்டது. சொர்ணம் இறங்கினாள். வேறென்ன செய்வாள், பதிமூன்று பேர் பசியோடு மேலே நின்று எட்டிப் பார்க்கிறார்கள். உலை வைத்தாள், புளியைக் கரைத்தாள், அரை மணி நேரத்தில் ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஏணி வழியாகக் கைமாறிக் கைமாறி லிஸ்பனுக்கு ஏறின. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு தட்டோடு மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சோறு ஆறியிருந்தது.

முதல் நாள் அடுப்படி மட்டும்தான். இரண்டாம் நாள்தான் பெத்துராஜுக்குப் பொறி தட்டியது. அடுப்படி இருந்தால் அதை ஒட்டிப் பட்டாசாலை இருக்கும், பட்டாசாலை இருந்தால் வாசல் இருக்கும், வாசல் இருந்தால் தெரு இருக்கும், தெருவில் இறங்கி நடந்தால் ஏழு ஜோடிக்கும் அவரவர் வீடு இருக்கிறது, சொந்தக் கட்டில் இருக்கிறது, இங்கே எதற்குத் தலைக்கு இவ்வளவென்று கட்டிலுக்கு அழவேண்டும்? அன்றைக்கே அடுப்படியின் கொல்லைக் கதவு வழியாக இறங்கிச் சுற்றிப் போய் வீட்டைத் திறந்தார்கள், பதிமூன்று கட்டிலை ரத்து செய்தார்கள். ஒரு கட்டில் மட்டும் வேண்டும், பெட்டியை வைக்க. பெட்டிக்குக் காவலாக ஒரு ஆளும் வேண்டும்.

"பெட்டி சொர்ணத்து பேர்லதானே இருக்கு" என்றார் வைரமணி. ஆமாம், விமானத்தில் ஒட்டின சீட்டில் அவள் பேர்தான் இருந்தது. கீழே இருந்த வரவேற்புப் பெண் பதிமூன்று சாவிகளை வாங்கிக்கொண்டு, ஹாலில் வீசிய சாம்பார் வாசனைக்கு மட்டும் மூக்கைச் சுளித்தாள், வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள், அடுப்பு எதுவும் இல்லை என்றதும் போய்விட்டாள்.

விருதுநகர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். நன்றாகவே எடுத்துக்கொண்டது. ஸ்வெட்டரும் ஷூவும் போட்டுக்கொண்டு வைரமணி வீட்டிலிருந்து பதிமூன்று பேர் வரிசையாக வெளியே வருவதைப் பால்காரர் அழகர் பார்த்தார், சைக்கிளை நிறுத்தி, "வெளிநாடு போகலையா அண்ணாச்சி?" என்று கேட்டார். "போயிருக்கோம்ப்பா, படுக்க வந்தோம்" என்றார் பெத்துராஜ். "அதான பாத்தேன்" என்று அழகர் பால் ஊற்றிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரி, எனக்கும் ஒரு தடவை காட்டுங்களேன் என்று கேட்டு ஏணியில் ஏறி, லிஸ்பன் ஹாலில் தலையை நீட்டி, அடுக்குக் கட்டில்களைச் சுற்றும் முற்றும் பார்த்து, நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரி இதைவிடப் பெரிசு என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இரண்டே நாளில் தெருவுக்கு அது பழகிவிட்டது, இன்றைக்கு அங்கே மழையா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பழகாதது சொர்ணத்துக்குத்தான். விருதுநகரில் விடிகிறபோது லிஸ்பனில் நடுச்சாமம். ஊரில் காலை ஆறு மணி ஆனதும் பெட்டி மூடியை உள்ளேயிருந்து யாராவது தட்டுவார்கள், "சொர்ணம், காப்பி" என்று, அவள் தூக்கம் கலைந்து இறங்குவாள். போட்டு முடித்து ஏறிப் படுத்துக் கண்ணயர்ந்தால் அங்கே இட்லி நேரம் வந்துவிடும். அப்புறம் இங்கே விடியும், ஊர் சுற்ற மேலே ஏறி வருகிறவர்களுக்கு இங்கத்து நேரத்துக்கு ஒரு டிபன், காசு கேட்காத இடங்களாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு சாப்பாடு, அங்கத்து ராத்திரிக்கு ஒன்று, இங்கத்து ராத்திரிக்கு ஒன்று. இரண்டு ஊர்ப் பசிக்கும் ஒரே ஆள் சமைத்தாள். ஒரு நாளில் ஆறு வேளை உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

"நீங்களும் கொஞ்சம் கை கொடுங்களேன் மதினி" என்று கனகமணியிடம் கேட்டாள்.

கனகமணி இரண்டு வெங்காயம் உரித்தாள். பிறகு, "நாங்க டூர்ல இருக்கோம்ல சொர்ணம்" என்றாள், கோபமாக இல்லை, ஞாபகப்படுத்துகிற மாதிரி. சொர்ணம் மூன்றாவது வெங்காயத்தைத் தானே எடுத்தாள். நானும்தானே டூரில் இருக்கிறேன் என்பது அவளுக்குக் கனகமணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

நாலாம் நாள் போர்ட்டோ என்ற ஊருக்குப் போகவேண்டும். ரயில் டிக்கெட் விலையைப் பார்த்து வைரமணி கண்ணை மூடினார், தொண்ணூறால் பெருக்கினார், பிறகு பதினாலால் பெருக்கினார், கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எதுக்குப் பதினாலு டிக்கெட்டு?" என்றார். எல்லாரும் பெட்டிக்குள் இறங்கிக்கொள்வது, ஒருத்தர் மட்டும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு டிக்கெட்டில் போய்ச் சேர்வது, போனதும் திறந்துவிடுவது. அந்த ஒருத்தர் யாரென்று யாரும் கேட்கவே இல்லை. "நடுவழியில மட்டும் திறந்திராத" என்றார் வைரமணி. "திறந்தா எல்லாருக்கும் டிக்கெட் கேப்பான்."

இப்படியாக அறுபது வயதில் முதல் தடவையாகச் சொர்ணபுஷ்பம் தனியாக ரயில் ஏறினாள். பதிமூன்று பேரும் ஒரு வீடும் ஒரு தெருவும் பெட்டிக்குள் இருந்தும் அது இருபத்திமூன்று கிலோதான் இருந்தது, இருந்தாலும் படியேற்றும்போது தோள்பட்டை இறங்கிவிட்டது, ஒரு கல்லூரிப் பையன் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டான். டிக்கெட் பரிசோதகர் ஒரு விரலை நீட்டி, ஒருத்தர்தானா என்று சைகையில் கேட்டார். அவளும் ஒரு விரலை நீட்டினாள். நீட்டியதும் அவளுக்கே என்னவோ போல் இருந்தது, கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எங்கேயும் ஒருத்தராகப் போனதில்லை.

மூன்று மணி நேரம். சன்னலுக்கு வெளியே தைலமரங்கள் ஓடின, ஆறு வந்தது, ஆரஞ்சு ஓடு போட்ட வீடுகள் வந்தன, உயரமான மின்கம்பங்களின் உச்சியில் நாரையோ கொக்கோ பெரிய பெரிய கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. இதை அவரிடம் காட்டவேண்டுமே என்று பெட்டிமேல் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டாள். பெட்டி சும்மா இருந்தது. யாரும் காப்பி கேட்கவில்லை, யாரும் துண்டு எங்கே என்று கேட்கவில்லை, எந்தக் குக்கரும் விசில் அடிக்கவில்லை. பெட்டிக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கவனித்ததும் அவளுக்குத் திக்கென்றது, யாரோ பார்த்துவிட்ட மாதிரி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி சன்னலைப் பார்த்தாள். கட்டி வந்த எலுமிச்சைச் சாதத்தைத் தின்றாள். ஆறித்தான் இருந்தது, ஆனாலும் உட்கார்ந்து தின்றாள்.

போர்ட்டோவில் இரண்டு நாள். அதில் ஒரு நாள் விருதுநகரில் ஒரு கல்யாணம், ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்று பதிமூன்று பேரும் மொய்க் கவரோடு ஏணி இறங்கிவிட்டார்கள். பெட்டிக்கு ஆள் வேண்டுமே என்று சொர்ணம் மேலேயே இருந்தாள். கல்யாண வீட்டிலிருந்து அவளுக்கென்று தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார்கள், வழியில் நாலு வீட்டில் நின்று பேசிவிட்டு.

ஏழாம் நாள் லிஸ்பனுக்குத் திரும்பி வந்து, அதே மேல்மாடி ஹாலில் பெட்டியைச் சுற்றிச் சங்கக் கூட்டம் நடந்தது. பேசியது பெத்துராஜ். "பாக்குற எடமெல்லாம் பாத்தாச்சு. இன்னும் அஞ்சு நாளைக்குக் கட்டில் வாடகை எதுக்கு? திரும்பிப் போற டிக்கெட்டை இப்ப ரத்து பண்ணினாப் பாதிக் காசு கைக்கு வருது. நமக்கு விமானம் எதுக்கு? ஏணி இருக்கு. எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போயிருவோம். மக பெட்டிதான் போகும், வேற வாங்கிக் கொடுத்துக்கலாம்."

"ஊருக்குள்ள வந்த முத்திரை பாஸ்போட்ல இருக்காதே" என்று யாரோ இழுத்தார்கள்.

"விருதுநகர்ல யாரு கேக்கப் போறா?"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், சிலர் கைகூடத் தட்டினார்கள், பதினாலு டிக்கெட்டையும் வைரமணி போனிலேயே ரத்து செய்தார், அவர் விரல் ஒவ்வொரு பேராக அமுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் சொர்ணபுஷ்பம் என்ற பேரிலும் அமுங்கியது. சொர்ணம் சுவரோரம் நின்று அதைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு நாள் கேட்டிருந்தாள். ஏழு நாளில் முப்பது வேளைக்கு மேல் சமைத்திருந்தாள்.

"என்னங்க" என்றாள். "நான் ஒரே ஒரு வேளை மட்டும் அந்த முக்குக்கடையில..."

"சாளையா?" வைரமணி சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, ஆசையாகத்தான் சிரித்தார். "வீட்டுக்குப் போனதும் மார்க்கெட்ல ரெண்டு கிலோ வாங்கியாரேன், சொர்ணம். ஆசை தீரப் பொரிச்சுக்கோ. எங்களுக்கும் ஆச்சு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் இந்த மனுஷனுக்குத் தான் என்ன கேட்கிறோம் என்பதே விளங்கவில்லையே என்ற அதிர்ச்சியில் அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். பெத்துராஜ் மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்கிக்கொண்டு இறங்கினார், கனகமணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாள், மற்ற ஜோடிகள் இறங்கினார்கள். கடைசிக்கு முந்தினவராக வைரமணி காலை விட்டு ஏணியைத் துழாவிக்கொண்டே இடுப்பிலிருந்த பையை அவிழ்த்தார், பொதுக்காசும் பாஸ்போர்ட்டுகளும் இருந்த பை அது, போன தடவை இறங்குகையில் நழுவி மோர்க்குழம்புக்குள் விழுந்துவிட்டது. "இதை நீ வச்சுக்கோ. நீதானே கடைசி" என்று அவள் கையில் கொடுத்தார். "எல்லாம் எடுத்தாச்சான்னு ஒரு தடவை பாத்துட்டு, லைட்டை அணைச்சிட்டு, இறங்கி மூடியை இழுத்துச் சாத்திரு." வீட்டில் தினமும் சொல்வதுதான். அவர் தலையும் உள்ளே போனது.

சொர்ணம் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்தாள். லைட்டை அணைத்தாள். கடைசியாகச் சாப்பிடுகிறவள், கடைசியாகப் படுக்கிறவள், கதவையும் சிலிண்டரையும் கடைசியாகச் சாத்துகிறவள், மூடியை இரண்டு கையாலும் பிடித்தாள். கீழே அடுப்படியில் அவர் அண்ணாந்து அவளைப் பார்த்து, "வா, காப்பி போடு" என்றார். மூடியைச் சாத்தினாள். தாழ்ப்பாளை அழுத்தினாள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தான்தான் வெளியே நிற்கிறோம் என்பது உறைக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெட்டியை இழுத்துக்கொண்டு மாடி இறங்கி, தடதடவென்று தெருவில் போய், முக்குக்கடையில் வாசலோரமாகக் கிடந்த மேஜையில் உட்கார்ந்தாள். நாற்காலியில், முழுசாகச் சாய்ந்து. பகல் சாப்பாட்டு நேரம். கரி அடுப்பில் நின்ற அந்தப் பெண் வந்தாள், தன் நெஞ்சைத் தொட்டு "லூர்து" என்றாள். சொர்ணத்துக்கு அந்தப் பேர் ஆச்சரியமாக இருந்தது, விருதுநகரில் அவளுக்கு ரேஷன் கடையில் அரிசி போடுகிறவள் பேரும் லூர்துதான். தன் நெஞ்சைத் தொட்டு "சொர்ணம்" என்றாள். பிறகு வலைமேல் கிடந்த மீனைக் காட்டினாள்.

தட்டு வந்தது. அவள் எழுந்து போய் வாங்கவில்லை, அது அவள் முன்னால் வந்து இறங்கியது. ஐந்து சாளை, அவித்த உருளைக்கிழங்கு, மேலே ஆலிவ் எண்ணெய், ஆவி பறக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பெட்டி தட்டியது.

"சொர்ணம்" என்று மூடிக்கடியிலிருந்து வைரமணியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. "மூடி சிக்கிக்கிச்சு போல. வெளிய இருந்து ஒரு தட்டுத் தட்டு."

அவள் மீனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சொர்ணம், என்ன வாசனை அது?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீ எங்க இருக்க?"

"சாப்பிட உக்காந்திருக்கேன்" என்றாள்.

"எங்க?"

"முக்குக்கடையில."

உள்ளே பெருக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, கண்ணை மூடியிருப்பார், சக்கரம் சுற்றும். பிறகு குரல் வந்தது, அவர் குரலே இல்லை, அப்படி ஒரு திகைப்பு அதில். "எண்ணூத்திப் பத்து ரூவா, சொர்ணம்."

"ஒன்பது" என்றாள் சொர்ணம். "இங்க ஒன்பதுதான்."

"எப்ப வருவ?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்குங்க."

"நாங்க பதிமூணு பேரு இங்க நிக்கோம். சாப்பாட்டுக்கு?" பின்னால் டப்பா உருளுகிற சத்தமும் கனகமணி ஏதோ கேட்கிற சத்தமும் கலந்து வந்தது. "அரிசி எந்த டப்பால இருக்கு?"

தன் வீட்டில் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியாத மனுஷனோடு முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று அவள் ஒரு கணம் மலைத்துப் போனாள். "கடையில வாங்கிச் சாப்பிடுங்க" என்றாள்.

பெட்டிக்குள் ஒரே சமயத்தில் பல கைகள் தட்டத் தொடங்கின, மூடி எம்பி எம்பி அடங்கியது, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். லூர்தும் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், சொர்ணத்தைப் பார்த்தாள், இன்னும் தொடாமல் கிடந்த தட்டைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரர்" என்றாள் சொர்ணம், தமிழிலேயே.

லூர்து உள்ளே போய், உரிக்கவேண்டிய உருளைக்கிழங்கு ஒரு கூடையும் கத்தியும் எடுத்து வந்தாள், பெட்டிமேல் தன் பெரிய உடம்பை இறக்கி வசதியாக உட்கார்ந்தாள், உரிக்கத் தொடங்கினாள். தட்டுகிற சத்தம் நின்றது. சாப்பிடு, ஆறிவிடும் என்று கத்தியால் தட்டைக் காட்டினாள்.

சொர்ணம் மீனைப் பிட்டு, ஊதாமல் கொள்ளாமல், அவசரமாக வாயில் போட்டாள். சுரீர் என்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தாள், என்ன ஆனது என்று விளங்கவே ஒரு நிமிஷம் பிடித்தது.

நாக்குச் சுட்டுவிட்டது.